சின்ன டிராக்டருக்குக் கை வைத்தோம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் என் முதுகு பிடித்துக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒரு கூடை மண்கூடத் தூக்கக் கூடாது என்றார். தூக்காமல் என்ன செய்வது? சுந்தரபாண்டியத்துக்கும் வத்திராயிருப்புக்கும் நடுவில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. கண்மாய் வற்றியதும் வண்டல் அள்ளி வந்து ஒவ்வொரு மரத்துக்கும் போட வேண்டும். கூலிக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் ராஜபாளையம் மில்களுக்குப் போய்விட்டார்கள். தென்னை வரிசைக்குள் நுழைகிற மாதிரி சின்ன டிராக்டர் ஒன்றைப் பழசாக வாங்கி வைத்திருந்தேன். அது உழும், டிரெய்லரை இழுக்கும். மண்ணை அள்ளி டிரெய்லரில் போட அதனால் முடியாது.

என் மனைவியின் தம்பி ராணுவத்தில் வண்டி மெக்கானிக். அப்போது இரண்டு மாத லீவில் வந்திருந்தான். ஒருநாள் டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தவன், முன்னால் இரண்டு கையும் ஒரு வாளியும் மாட்டினால் இதுவே மண் அள்ளுகிற லோடர்தான் என்றான். ரோடு வேலைக்கு வந்த பெரிய லோடரை நானும் பார்த்திருக்கிறேன். அது யானை, இது ஆட்டுக்குட்டி. நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சாக்பீஸை எடுத்து வீட்டுத் தரையிலேயே வரைய ஆரம்பித்துவிட்டான்.

என் மனைவி வீட்டில் தையல் மிஷின் வைத்து அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வரைந்ததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து, அவன் சொன்ன அளவைக் குறைத்து, வண்டியும் கையும் வாளியுமாகக் கத்தரித்து, மூட்டு வருகிற இடங்களில் குண்டூசி குத்தினாள். அட்டைக் கையை மெல்லத் தூக்கினாள். கை மேலே போகப் போக, நுனியிலிருந்த வாளி பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது.

"ஏலே, இங்க பாரு," என்றாள் தம்பியிடம். "கை ஒசர ஒசர வாளி மல்லாக்கப் போகுது. அள்ளுன மண்ணு அம்புட்டும் ஓட்டுதவுக தலையிலதான் விழும்."

அவன் குனிந்து பார்த்தான். அவள் இன்னொரு அட்டைத் துண்டை அதே நீளத்துக்கு வெட்டி, முதல் கைக்கு மேலே அதற்கு இணையாக வைத்து, ஒரு முனையை வண்டியோடும் மறுமுனையை வாளியோடும் சேர்த்து ஊசி குத்தினாள். மறுபடி தூக்கினாள். இந்தத் தடவை வாளி தரையில் எப்படி இருந்ததோ அப்படியே, துளி சாயாமல் மேலே போனது. நான் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பத்து வருடம் அவளோடு குடும்பம் நடத்தியிருந்தேன். அவளுக்கு இப்படி ஒரு கண் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாளே மைத்துனன் ராஜபாளையம் போய்ப் பழைய இரும்புக் கடைகளை அலசினான். ஏதோ ஒரு மில்லிலிருந்து கழித்துப் போட்ட, சுமை தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரண்டு ஹைட்ராலிக் ஜாக்கிகளும், கை செய்வதற்குக் கனமான சேனல் இரும்பும் கிடைத்தன. கிருஷ்ணன்கோவிலிலிருந்து வெல்டிங் மிஷின் வாடகைக்கு வந்தது. மூன்று வாரம் தோப்புக் கொட்டகையில் பொறி பறந்தது. டிராக்டரின் பின்பக்கம் கலப்பையைத் தூக்குகிற ஆயிலையே குழாய் போட்டு முன்னால் கொண்டுவந்து ஜாக்கிகளுக்குக் கொடுத்தான். வாளி கவிழாமல் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி. கொக்கியை விடுவிக்க, உட்கார்ந்த இடத்துக்கு எட்டுகிற மாதிரி ஒரு கயிறு. ஒவ்வொரு துளை போடுவதற்கு முன்பும் அக்காவைக் கூப்பிட்டு அட்டையோடு ஒத்துப் பார்த்தான்.

முதல் சோதனையை நான்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்தேன். கண்மாய்க்குள் இறக்கி, வாளியைத் தரையோடு வைத்து முன்னே செலுத்தினேன். வண்டல் நிறைந்தது. கையைத் தூக்குகிற லிவரைத் தொட்டேன். வாளி ஒரு முழம் எழும்பியது. அதற்குமேல் எழும்பியது என் இருக்கைதான். பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டுவிட்டன. மூக்கு மண்ணில் மோதப்போகிற மாதிரி வண்டி முன்னால் கவிழ, லிவரை விட்டுவிட்டேன். தொப்பென்று பின்சக்கரம் இறங்கியதில் முதுகில் மின்னல் வெட்டியது. இறங்கி வந்து கரையில் உட்கார்ந்துவிட்டேன். இது ஆகாத வேலை என்றுகூடச் சொன்னேன்.

பின்னால் கனம் வேண்டும் என்று மைத்துனன் சொன்னான். கனத்துக்கு எங்கே போவது? அந்தச் சமயம் ஊரில் வீட்டுக்கு வீடு கிரைண்டர் வந்து, ஆட்டுக்கல்லெல்லாம் கொல்லையில் கிடந்தன. என் மனைவி நான்கு வீட்டில் கேட்டு நான்கு கல் வாங்கி வந்தாள். இரும்புச் சட்டம் அடித்து அவற்றைப் பின்பக்கம் வரிசையாக உட்காரவைத்தோம்.

இரண்டாவது முறை மைத்துனன் ஏறினான். கரையில் ஆடு மேய்த்தவர்களும், தோப்புக்காரர்கள் சிலரும் வந்து நின்றார்கள். வாளி வண்டலைக் கவ்வியது. இஞ்சின் சத்தம் தாழ்ந்து கனத்தது. இரண்டு இரும்புக் கைகளும் ஒன்றாக, அவசரமே இல்லாமல் எழுந்தன. முழங்கால், இடுப்பு, தலை, தலைக்கும் மேலே. நான்கு ஆள் சுமை மண்; ஓரத்தில் நின்ற ஈரக்கட்டி ஒன்றுகூட உதிரவில்லை. பின்சக்கரங்கள் தரையிலேயே இருந்தன. டிரெய்லருக்கு நேராக வந்ததும் கயிற்றை இழுத்தான். வாளி குப்புற விழுந்தது. மண் முழுவதும் டிரெய்லருக்குள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் திரை விலகும்போது எல்லோரும் ஒரு நொடி மூச்சை நிறுத்துவார்களே, அப்படி இருந்தது அந்தக் கண்மாய்.

நான்கு நாளில் அவன் லீவு முடிந்தது. பஸ் ஏறுவதற்கு முன் என்னிடம் தனியாகச் சொன்னான்: "அத்தான், பதினோரு வருசமா அடுத்தவன் செஞ்ச வண்டியத்தான் ரிப்பேர் பாத்துருக்கேன். இல்லாத ஒண்ண உண்டாக்குனது இதான் மொதத் தடவ. அக்கா இல்லாட்டி அதுவும் நடந்திருக்காது."

அவன் போன பிறகு ஓட்டுவதற்கு ஆள் இல்லை. கிளட்சை மிதித்தாலே எனக்கு முதுகு இழுத்தது. இரண்டு நாள் டிராக்டர் கொட்டகையிலேயே நின்றது. மூன்றாம் நாள் காலையில் என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் செத்த நேரம் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். கியரையும் பிரேக்கையும் மட்டும் காட்டிக்கொடுத்தேன். லிவரைப் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை.

முதல் வாளி பாதி சிந்தியது. ஐந்தாவது வாளியில் தளும்பாமல் தூக்கினாள். வெயில் ஏறுவதற்குள் டிரெய்லர் நிறைந்தது. மருதமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தவன் எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. எத்தனையோ வருடம் நான்கைந்து பேர் நாள் முழுக்க முக்கி முனகி அள்ளிய மண்ணை, ஒற்றை ஆளாக அவள் பூப்போல எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இஞ்சினை நிறுத்தி இறங்கி, மோட்டார்த் தண்ணீரில் கைகாலைக் கழுவினாள். நன்றாக ஓட்டினாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இடது பக்கத்து மூட்டு லேசாக் கத்துது," என்றாள். "நாளைக்கி மொதல்ல கிரீஸ் வைக்கணும்."