சேனைக்குத் தேன்

முப்பது வருடம் அரசுப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் என்னைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள் என்பது எனக்கு அத்துப்படி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றேனே தவிர, புத்தி ஓய்வு பெறவில்லை. காய்கறிக்காரரின் தராசுத் தட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்பேன். பால்காரர் என் தலையைக் கண்டாலே, "நீங்களே அளந்துக்கங்க சார்" என்று படியை என்னிடம் கொடுத்துவிடுவார். என் மனைவிக்கு இதெல்லாம் மானக்கேடு. எனக்கு இதில் வெட்கமே இருந்ததில்லை. ஏமாந்தவன்தான் வெட்கப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

என் மகள் முதல் பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரே பெண். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, கொழந்தைக்கு நீதான் சேனை வைக்கணும்" என்றாள். பிறந்த குழந்தையின் நாக்கில் யாராவது ஒருவர் விரல் நுனியால் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்கிறோம். வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் சொந்தத்தில் நல்ல பெயர் எடுத்தவராகப் பார்த்து அழைப்பார்கள். என் தம்பி பிள்ளைகளுக்கோ தங்கை பிள்ளைகளுக்கோ ஒரு தடவையாவது யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. எனக்கே தெரியும்.

"இவர் வச்சா வெளங்கும். அந்தக் கொழந்தை நர்ஸம்மாகிட்ட ஐடி கார்டு கேக்கும்" என்று என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அறுபதாவது வயதில் ஒருத்தி என் குணம் தன் பிள்ளைக்கு வரட்டும் என்று கேட்டிருக்கிறாள்.

மற்றவர்கள் சர்க்கரைத் தண்ணீர் வைக்கட்டும், நான் தேன்தான் வைப்பேன் என்று முடிவு செய்தேன். அதுவும் சுத்தமான தேன். சூப்பர் மார்க்கெட் பாட்டில்களை எடுத்து, லேபிளைப் படித்து, திரும்ப வைத்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிப் புளியமரத்தடியில் அலுமினிய வாளியில் தேன் விற்ற ஒருவரிடம் வண்டியை நிறுத்தினேன். மேலே ஒரு தேனடை மிதந்தது. நான் கரண்டியை வாங்கி அடையைப் புரட்டினேன். அடை முழுக்கக் காலி. அந்த அடையைக் காட்டி எத்தனை வாளி வெல்லப்பாகு விற்றாரோ தெரியாது. "வேணும்னா வாங்கு, இல்லாட்டி கெளம்பு, காலங்காத்தால பேஜாரு பண்ணாத" என்றார். கிளம்பினேன்.

பிறகு விழுப்புரத்தில் ஒரு பழைய கண்டக்டர்தான் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னார். பனமலை ஏரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம், அதில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறார், நம்பி வாங்கலாம் என்றார். நம்பி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு அந்தக் கண்டக்டர் மேலேயே சந்தேகம் வந்தது. இவருக்கு என்ன லாபம்?

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் போனேன். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒருகாலத்தில் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவராம். இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் எள்ளும் போடுகிறார். வரப்போரம் முருங்கை மரங்கள், அவற்றின் நிழலில் இருபது பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கால் மேல் நிற்க, எறும்பு ஏறாமலிருக்க அந்தக் காலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம். எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பார்வையாளருக்காகச் செய்து வைத்ததுபோல் இருந்தது.

பெட்டிகளைப் பார்ப்பதுபோலக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். மூலையில் ஒரு மூட்டை. வாய் திறந்திருந்தது. வெள்ளை வெளேரென்று சர்க்கரை.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன். திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் என் குரலில் இருந்திருக்கும்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "மழைக்காலத்துல பூ இருக்காதுங்க. பூச்சி பட்டினி கெடக்கும். சக்கரத் தண்ணி வச்சாத்தான் உசுரோட இருக்கும். இப்ப நாங்க தேன் எடுக்க மாட்டோம். விக்கிறதெல்லாம் சித்திரையில எடுத்ததுங்க" என்றார்.

சாக்குப்போக்குகள் எப்போதும் இப்படி வழுக்கிக்கொண்டுதான் வரும். நான் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் ரவை மாதிரி உறைந்திருந்தது. அதையும் கேட்டேன். "குளுருக்கு நல்ல தேனும் ஒறையுங்க. வெயில்ல வச்சா எளகிடும்" என்றார். எதற்கும் பதில் வைத்திருந்தார். ஆனாலும் ஒரு துளியை நாக்கில் வைத்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முருங்கைப்பூ வாசமும், கடைசியில் லேசான கசப்பும். அப்படி ஒன்றை நான் அதுவரை ருசித்ததில்லை.

சரி, அரை கிலோ கொடுங்கள் என்றேன். பாட்டிலைத் துடைத்துக்கொண்டே, "யாருக்குங்க? இருமலுக்கா?" என்று கேட்டார்.

"பேரக் கொழந்தைக்கு. இன்னும் பொறக்கல. சேனை வைக்க."

அவர் கை நின்றுவிட்டது. பாட்டிலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "அதுக்குன்னா நான் குடுக்க மாட்டேங்க. ஒரு வயசு வரைக்கும் கொழந்தைக்குத் தேனு ஆவாது. பெட்டி வைக்க ட்ரெய்னிங் போனப்பவே சொல்லிக் குடுத்தாங்க. நீங்க எந்த டாக்டர வேணாலும் கேட்டுப் பாருங்க."

நான் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். பெரியவர்கள் குடித்தால் தெரியாது, பச்சைக் குழந்தை குடித்து ஏதாவது ஆனால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம்தான். அந்தச் சர்க்கரை மூட்டைதான் பேசுகிறது. வெறும் கையோடு திரும்பி வந்து வீட்டில் கதையைச் சொன்னேன். மகள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டுவந்து, "அந்தம்மா சொன்னது கரெக்ட்டுதான்பா. தேன், சக்கரத் தண்ணி எதுவும் கூடாதாம். சேனையே வேணாம், வுட்டுடு" என்றாள்.

வுட்டுடு. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மருத்துவக் காரணமெல்லாம் எனக்குக் காதில் விழவே இல்லை. மாப்பிள்ளை வீட்டில் யாரோ, அந்த மனுஷன் குணம் நம் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்றே தோன்றியது. அவள் அதை என்னிடம் நேரே சொல்ல முடியாமல் டாக்டர் மேல் பழியைப் போடுகிறாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை அந்த வாரம் இரண்டு முறை போன் செய்ததைக்கூட நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

மறுபடி பனமலைக்குப் போனேன். எனக்கே இருமல் என்றேன். அவர் எதிரில் நாலு முறை இருமியும் காட்டினேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொழந்தைக்குக் குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றார். பொய்ச் சத்தியம் செய்கிறவர்களை முப்பது வருடம் பார்த்தவன் நான். எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கண்ணைப் பார்த்துச் செய்தேன்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் சோதித்தேன். தண்ணீரில் விட்டேன், கரையாமல் நூலாக இறங்கி அடியில் உட்கார்ந்தது. செய்தித்தாளில் ஒரு சொட்டு வைத்தேன், பின்பக்கம் ஊறவில்லை. தீக்குச்சியை முக்கி உரசினேன், பற்றியது. எல்லாவற்றிலும் தேறிவிட்டது. அந்த அம்மா நேர்மையானவர் என்றால் அவர் சொன்ன எச்சரிக்கையும் நேர்மையானதாகத்தானே இருக்க வேண்டும்? அந்த எளிய கணக்கு அன்று எனக்கு வரவில்லை. தேன் சுத்தம், ஆகவே பயமில்லை என்று பாட்டிலை என் சட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னார், தாய்ப்பால் தவிர வேறு ஒரு சொட்டுகூட வாயில் படக் கூடாது என்று. நான் வராந்தாவில் என் மனைவியிடம், "இதுல இவங்களுக்கு எதுனா கமிஷன் இருக்கும்" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "தாய்ப்பாலுக்கு எவன் கமிஷன் குடுப்பான்?"

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. மகள் குளிக்கப் போயிருந்தாள். மனைவி சமையலறையில் பத்தியக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை தொட்டிலில் விழித்துக் கிடந்தது. பாட்டிலை எடுத்தேன். ஆட்காட்டி விரலின் நுனியில் ஒரு துளி. குனிந்தேன். விரலின் நிழல் பட்டதும் குழந்தை தலையைத் திருப்பி, அந்தச் சின்ன வாயைத் திறந்தது. என்னை ஒருவரும் அப்படி நம்பிப் பார்த்ததில்லை. கண் நிறைந்துவிட்டது எனக்கு.

"அப்பா!"

ஈரத் தலையோடு மகள் வாசலில் நின்றாள். அடுத்த நொடி குழந்தை அவள் தோளில் இருந்தது. அவள் என் விரலைப் பார்த்தாள், கட்டிலில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"வச்சிட்டியா?"

"இல்லம்மா. இன்னும் வைக்கல."

அதுதான் உண்மை. இன்றைக்கும் அதுதான் உண்மை. ஆனால் சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டது, அது எப்படிப்பட்ட பதில் என்று. டிக்கெட் இப்பத்தான் சார் எடுக்கப் போறேன் என்று என்னிடம் சொன்னவர்கள் எத்தனை பேர். அதில் ஒருவரைக்கூட நான் நம்பியதில்லை.

பாட்டில் லேபிளில் பேனாவால் எழுதியிருந்த எண்ணுக்கு மகள் போன் போட்டாள். குழந்தை கையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாவின் குரல் பதறியது. "அய்யோ, ஜல்தியா டாக்டரண்ட தூக்கினு போம்மா. இருமலுக்குன்னுதான வாங்கினு போனாரு? கொழந்தைக்குக் குடுக்க மாட்டேன்னு என் மூஞ்சியப் பாத்து சத்தியம் பண்ணாரே அந்தப் பெரியவரு!"

கரண்டியோடு வந்து நின்ற என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குழந்தைகள் டாக்டர் பொறுமையாக விளக்கினார். தேனில் ஒரு கிருமியின் விதை இருக்கலாம், பெரியவர்கள் குடலில் அது முளைக்காது, குழந்தை குடலில் முளைத்து நரம்பைப் பாதிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். "கலப்படமே இல்லாத தேன்லயும் அது இருக்கும் சார். பாத்தா தெரியாது" என்றார். பிறகு, "வாயில பட்டதா இல்லையா?" என்று கேட்டார். "படல" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பி, எதற்கும் ஒரு மாதம் கவனமாகப் பாருங்கள் என்றார். அழுகை பலவீனமாகிறதா, பால் குடிக்கச் சோம்புகிறதா, கழுத்து துவளுகிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா.

அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. குழந்தை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினாலும் மகள் அதை எழுப்பி அழவைத்துப் பார்ப்பாள். அழுகை கேட்டால்தான் எனக்கும் மூச்சு வரும். பத்தாவது நாளோ என்னவோ, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அது தலையைத் திருப்பியபோது உதட்டில் பட்டிருக்குமோ? அந்தக் காட்சியை ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் விரல் கொஞ்சம் கிட்டே போனது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவனுக்குத் தன்னையே நம்ப முடியாமல் போவது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் தெரிந்தது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஆறு மாதம். குப்புற விழுந்து, நீந்துவதுபோலக் கைகால் அடித்து, என்னைக் கண்டால் பொக்கை வாயால் சிரிக்கிறாள். மகள் புதுச்சேரியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போய்ப் பார்க்கிறோம். மகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறாள், எனக்குப் பிடித்த மீன் குழம்பு வைக்கிறாள், மாத்திரை சாப்பிட்டியா என்று கேட்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டதாகத்தான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

ஆனால் குழந்தையை என்னிடம் கொடுப்பதற்கு முன் என் வலது கையைப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய், ஒவ்வொரு விரலாக முகர்ந்து பார்க்கிறாள். கோபமாக இல்லை, சாதாரணமாக, பால் கெட்டுவிட்டதா என்று பார்ப்பதுபோல. முதல் தடவை எனக்கு அழுகை வந்தது. இப்போதெல்லாம் அவள் கேட்பதற்கு முன்பே நானே கையை நீட்டிவிடுகிறேன். முகர்ந்து பார்க்காமல் அவள் ஒருநாளும் குழந்தையைத் தந்ததில்லை.