பொலிஸ்காரர் வீட்டுப் பென்சன்

கண்டி மார்க்கெட் பக்கம் எங்கள் வீட்டைப் பொலிஸ்காரர் வீடு என்பார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் கான்ஸ்டபிளாக இருந்த என் தாத்தாவின் படம் முன்னறையில் தொங்குகிறது. போன மாதம், பொலிஸ் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு மகள் கிளம்பிய காலையில், என் கணவர் அந்தப் படத்துக்கு மாலை போட்டு அவளைக் கும்பிடச் சொன்னார்.

"தாத்தா ஆசீர்வாதம் இருக்கு. சாகுற வரைக்கும் பென்சன். வேற என்ன வேணும் ஒனக்கு?"

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் என் தாத்தா. அவருக்குப் பென்சனே வரவில்லை என்பது என் கணவருக்கும் தெரியும். கல்யாணப் பேச்சுகளில் பெருமை குறையக் கூடாதென்று எல்லோருமாகச் சேர்ந்து மூடிவைத்த சங்கதி அது. மாலையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு மகளிடம் சொன்னேன்.

வெள்ளைக்கார அதிகாரிக்கு ஊர் போய்வரக் கப்பல் செலவு, ஓய்வுக்குப் பிறகு கடல் தாண்டியும் பென்சன். தாத்தா இந்தியாவிலிருந்து வந்தவர் என்று சம்பளமே குறைவு. முழங்கால் போனதும், உன் வேலை தற்காலிகம், உன் ஊர் உன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர்? திருச்சிப் பக்கத்தில் அவரை யாருக்குத் தெரியும்? பெல்ட்டைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வேட்டியோடு ஒரு துணிக்கடை வாசலில் காவல் நின்றே செத்துப்போனார். தன் கடைக்குப் பொலிஸ் காவல் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பானாம்.

மகள் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் போகவா வேணாமா? அத மட்டும் சொல்லுங்கம்மா."

குடையை எடுத்துக்கொண்டு அவளோடு நானும் பஸ் ஏறினேன்.

தேர்வு நடந்த இடத்தின் கேட்டுக்கு வெளியே மற்றத் தாய் தகப்பன்களோடு காத்து நின்றேன். வெளியே வந்தவள் நடந்துகொண்டே சொன்னாள். குடும்பத்தில் யாராவது பொலிஸில் இருந்தார்களா என்று பெரிய அதிகாரி கேட்டிருக்கிறார். தகப்பன் சொல்லிக்கொடுத்த பெருமைப் பேச்சை விட்டுவிட்டு, கொள்ளுத்தாத்தா இருந்தார், பென்சன் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள்.

"அதோட நிறுத்தினியா?"

"இல்லம்மா. என்னயும் அப்படித்தான் அனுப்புவீங்களான்னு கேட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

முடிவு இன்னும் வரவில்லை. வேலை கிடைக்காவிட்டால் என் வாய்தான் காரணம் என்கிறார் கணவர். செத்தவருக்கு மாலை போட்டு உண்மையை மறைத்தவர் இதைச் சொல்கிறார். ஆத்திரம் வருகிறது, தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டியும் பார்க்கிறேன். மகளோ, நேர்முகத்தில் எடுத்தால் அடுத்தது ஓட்டத் தேர்வாம் என்று, காலையில் கண்டி வாவியைச் சுற்றி ஓடப் போகிறாள். அவள் திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன்.