மட்டமாத்தான் இருக்கு சார்

டைல் ஒட்டும் இவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நூல்காரர். இருபத்திரண்டு வருடமாக அதே பட்டம். சுவரின் இரு முனையிலும் ஆணி அடித்து, நூலை இழுத்துக் கட்டி, ஒரு விரலால் சுண்டி, அது நடுங்கி அடங்கியபிறகுதான் முதல் டைலைக் கையில் எடுப்பார். லேசர் கருவி வாங்கவில்லையா என்று கேட்டால், "நூலுக்கு பேட்டரி போட வேண்டாமே" என்பார்.

வீட்டில் அவர் வேறு ஆள். ஒட்டுப்பலகையில் பாட்டில் மூடிகள், வெட்டிய ஸ்ட்ராக்கள், டைல்களுக்கு நடுவே இடைவெளிக்காக வைக்கும் பிளாஸ்டிக் கூட்டல் குறிகள், மனைவியின் பட்டன்கள் என்று கிடைத்ததை எல்லாம் ஒட்டிப் படம் செய்வார். மரமோ முகமோ அதில் இருக்காது. வட்டம், கட்டம், கோடு மட்டும். நடையில் மாட்டியிருக்கும் பலகையில் இரண்டு நீலப் பட்டன்கள் உண்டு. ஒன்றைச் சுற்றிப் பெரிய மூடிகள், மற்றதைச் சுற்றிப் பாசிமணிகள். மணிகளுக்கு நடுவே இருப்பது பெரிசு என்று எல்லாரும் சத்தியம் செய்வார்கள். தையல்காரரான மனைவி டேப் வைத்து அளந்து பார்த்தார். இரண்டும் ஒரே அளவு.

"அளவு கிடக்கட்டும்" என்றார் மனைவி. "சட்டைக்கு ஒரு பட்டன் குறையுது. சட்டை வாங்க வர்றவங்ககிட்ட, பட்டன் இங்க இருக்குன்னு உங்க படத்தைக் காட்டி விடவா?"

தைத்த துணி வாங்க வந்த நூலகர் அம்மாள்தான் அந்தப் பலகைமுன் கால் மணி நேரம் நின்றார். புது நூலகத்தில் குழந்தைகள் அறைக்கு ஒரு சுவர் முழுக்க இப்படி ஏதாவது செய்து தர முடியுமா என்று கேட்டார்.

"நூலகத்துக்கு நூல்காரர் போகாம வேற யார் போவாங்க?" என்று மனைவியே ஒப்புக்கொண்டுவிட்டார்.

கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி, சதுர டைல்கள். ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை அரை டைல் தள்ளி. இடுக்குகளில் சாம்பல் நிறப் பூச்சு. ஒவ்வொரு வரிசைக்கும் நூல் கட்டினார். புதன்கிழமை காலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வாசல்வரை பின்னால் போய் நின்று பார்த்தார். இரண்டு கோடுகள் இடப்பக்கம் போய்க் கூடுகின்றன, அடுத்த இரண்டு வலப்பக்கம். சுவரே ஆப்பு ஆப்பாக அடுக்கிய மாதிரி.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. ஓடிப்போய் நூல் பிடித்தார். நேர். ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. வாசலுக்குப் போனார். கோணல்.

அந்த நேரம் பார்த்து நூலகத்தின் மேலதிகாரி போன் செய்தார். "சுவரைப் படம் எடுத்து அனுப்பியிருக்காங்க. எனக்கு என்னமோ சரியாப் படல. நிஜமாச் சொல்லுங்க, சுவர் எப்படி இருக்கு?"

குமிழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மட்டமாத்தான் இருக்கு சார்."

சுவர் வேலை செய்கிறவனுக்கு மட்டம் என்றால் ஏற்றத்தாழ்வு இல்லாதது. மற்றவர்களுக்குப் படு மோசம்.

"நீங்களே ஒத்துக்கிட்டது நல்லதாப் போச்சு. நாளைக்குக் காலையில ஆளோட வரேன், உடைச்சிடலாம்." போன் வைக்கப்பட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி நடந்ததைக் கேட்டார். திட்டவில்லை. சுவரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மறுகண்ணை.

"வீட்டுல பலகையில பண்றதைத்தான் இங்க பண்ணி வச்சிருக்கீங்க. பட்டன் பெரிசானதுக்கு மணிதானே காரணம்? இங்க எது மணின்னு பாருங்க."

பலகையில் கண் ஏமாறலாம், வேலையில் ஏமாறாது என்று இருபத்திரண்டு வருடமாக நம்பியிருந்த ஆளுக்கு அது உறைக்கச் சற்று நேரம் ஆனது. பிறகு வெள்ளைத்தாளை டைல் அளவுக்கு வெட்டி, ஒரு வரிசையின் கறுப்பை எல்லாம் மூடினார். சாய்ந்திருந்த கோடு நிமிர்ந்தது. எடுத்தார். சாய்ந்தது. சாப்பாட்டு டப்பா மூடியபடியே வீடு திரும்பியது.

வியாழன் காலை அதிகாரி, சம்மட்டிக்காரரோடு வந்தார்.

"கோணல் வாசல்லேயே தெரியுதே."

"ஒரு முனையை நீங்க பிடிங்க சார்" என்று நூலைக் கொடுத்தார் நூல்காரர். கோட்டின்மேல் நூல் இறுக்கமாகப் படிந்தது.

"நூலையும் கோணலாத்தானே பிடிக்கிறீங்க?"

ரசமட்டத்தைக் காட்டினார். அது ரிப்பேரா என்றார் அதிகாரி. வேறு வழியில்லாமல் நூல்காரர் தாள்களை எடுத்துக் கறுப்பு டைல்கள்மேல் ஒட்டினார். கோடு நிமிர்ந்ததும் அதிகாரி கிட்டே வந்தார். தானே ஒரு தாளை எடுத்தார், வைத்தார், எடுத்தார். அடுத்த வரிசைக்குப் போனார்.

"சார், உடைக்கவா, வேண்டாமா? எனக்கு இன்னொரு வேலை கிடக்கு" என்றார் சம்மட்டிக்காரர்.

"இருய்யா." அதிகாரி திரும்பினார். "அப்போ நேத்து ஏன் மட்டம்னு சொன்னீங்க?"

"மட்டமா இருந்தது சார். சொன்னேன்."

சம்மட்டிக்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அவர்தான் அதிகாரிக்கு விளக்கவும் செய்தார். சம்மட்டி சுவரோரம் சாய்ந்து நின்றது.

வேலை முடிந்ததற்கான படிவத்தில் 'சுவரின் நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதிகாரி 'மட்டம்' என்று எழுதப்போய், 'ம'வோடு நிறுத்தி அடித்தார். "இது மேல போற காகிதம்." யோசித்து, 'நூல் பிடித்துப் பார்க்கப்பட்டது, நேர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆணிகளைப் பிடுங்க வேண்டாம் என்று நூலகர் அம்மாள் சொல்லிவிட்டார். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரவரே பிடித்துப் பார்க்கட்டும் என்று நூலும் அங்கேயே தொங்குகிறது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பிள்ளைகள் அதை மூன்று முறை அறுத்துவிட்டார்கள். இப்போது தொங்குவது வீட்டிலிருந்து எடுத்துவந்த நீலத் தையல் நூல், இரட்டை இழை. பட்டன் டப்பாவுக்கும் நூல் டப்பாவுக்கும் பூட்டு வாங்க வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார்.