சுண்டுவிரல் எட்டாத கட்டை

பிற்பகல் மூன்று நாற்பது. நான் முதலில் பார்த்தது பியானோவை அல்ல, ஒரு ஜோடி கறுப்பு ஷூவை. கூடத்துக் கதவுக்கு உள்ளே, முனைகள் பியானோவைப் பார்த்தபடி அது வைக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டு அக்கா போட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்கு அப்போது ஒன்பது வயது. குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு ஷூ கிடையாது. காலை விட்டதும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடந்த, எல்லோரும் முசியே என்று மரியாதையாக அழைத்த வீட்டுக்காரரை அம்மா பார்த்துக்கொண்டாள். அவரைத் தவிர அங்கே இருந்தது அவருடைய மூத்த மகள் மட்டும்தான். பள்ளிக்கூட ஆசிரியை. அவரைத்தான் நான் அக்கா என்றேன். பியானோ கற்றுத் தருகிறேன், பெண்ணைக் கூட்டி வாருங்கள் என்று அவராகவே அம்மாவிடம் கேட்டிருந்தார்.

ஸ்டூலின் மேல் இரண்டு தலையணைகள் இருந்தன. நடுவில் ஏற்கெனவே யாரோ உட்கார்ந்த குழி.

"ஒங்கப்பன் படகுல தாவுற மாதிரி தாவாத. மெதுவா குந்து," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் இருப்பதுபோல் விரல்களை வளைக்க வேண்டும். மணிக்கட்டு தொங்கக்கூடாது. பிரெஞ்சில் சுரங்களுக்குத் தோ, ரெ, மி என்று பெயர். கட்டைவிரல் தோ, நடுவிரல் மி, சுண்டுவிரல் சோல். மூன்று கட்டைகளையும் ஒன்றாக அழுத்தினால் அதன் பெயர் அக்கோர். கார்ட் என்ற சொல்லைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். கையைக் கலைக்காமல் தூக்கி நகர்த்தி வைத்தால் ஃபா, லா, தோ. முதல் வாரத்திலேயே எனக்கு அது வந்துவிட்டது.

அக்கா என் சுண்டுவிரலைப் பிடித்து, தோவுக்கு முந்தைய கட்டையில், சியில், வைத்தார்.

"தப்பா கேக்குதுக்கா."

"தெரியும். அடிச்சிட்டு நிறுத்திடு."

அடித்து நிறுத்தினேன். உள்ளறையிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. மெலிதாக, தெளிவாக.

"எட்டி வை, கண்ணு."

அக்கா கண்ணை மூடித் திறந்து தலையசைத்தார். விரலை தோவில் வைத்தேன். உள்ளே ஒரு பெருமூச்சு. மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை அந்தத் தப்பு, அந்தக் குரல், அதே மூன்று சொற்கள். கூடாமல் குறையாமல் ஒரே அளவில். அறைக்கதவு பாதி திறந்திருக்கும். வெள்ளைக் கொசுவலைக்கு அப்பால் எதையும் நான் பார்த்ததில்லை.

"நீ தப்பா வாசிச்சாத்தான் அப்பா பேசறாரு. மத்தபடி வாயே தொறக்கறதில்ல," என்றார் அக்கா. "நீ வர்ற வரைக்கும் ரெண்டு வருஷமா அவர் கொரலையே கேக்கல."

ஷூ யாருடையது என்று கேட்டேன்.

"தங்கச்சியோடது. பிரான்ஸ்ல இருக்கா."

அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பிரான்ஸில் இருந்தார்கள். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் மீன் வைக்கும் தெர்மகோல் பெட்டியின் மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் கட்டைகளை வரைந்து பழகினேன். "ஐஸ் போட வாங்கியாந்தா மேளம் தட்டுறா பாரு," என்றார் அப்பா. சத்தமில்லாத அந்த மூடியில் தப்பாக வாசிக்கச் சொல்ல யாரும் இல்லை. சுண்டுவிரல் தானாகவே தோவில் விழுந்தது.

அடுத்த அக்கோர் சொல்லித்தரும்படி கேட்டேன். "இதே போதும்," என்றார் அக்கா. மறுநாள் எனக்கு ரோஷம் வந்தது. ஒரே ஒரு தடவை சரியாக வாசித்துக் காட்ட வேண்டும். தோ மி சோல், ஃபா லா தோ, திரும்ப தோ மி சோல். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. சுத்தமாக வந்தது. பாராட்டுக்காக அக்காவைப் பார்த்தேன். அவர் உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரது?"

அதே குரல்.

அக்கா என் விரலை அவசரமாக சி கட்டைக்கு நகர்த்தினார். அழுத்தினேன். நிறுத்தினேன். காத்திருந்தோம். உள்ளே அம்மா எதையோ கழுவிக்கொண்டிருந்த சத்தமும் நின்றுவிட்டது.

"யாரது அங்க?"

அக்கா பியானோவின் மூடியை இறக்கினார். நான் கையை எடுத்துவிட்டேனா என்று அவர் பார்க்கவில்லை.

"நாளையிலேருந்து நீ வர வேணாம்," என்றாள் அம்மா, திரும்பி வரும் வழியில்.

"நான் சரியாத்தாம்மா வாசிச்சேன்."

"தெரியும். நட."

சரியாக வாசித்ததற்குத் தண்டனை என்று எண்ணி வீடு வரை அழுதேன்.

முசியே அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். கடைசி நாள்வரை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்றாள். அடக்கத்துக்கு என்னையும் அழைத்துப் போனாள். அவருக்குத் தோண்டிய குழிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கல்லறை. அதில் முசியேவின் குடும்பப் பெயரோடு ஒரு பெண்ணின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். அன்று நான் கழித்துப் பார்க்கவில்லை. கழித்தால் ஒன்பது வரும். தோவை எட்டாத சுண்டுவிரல் அவளுடையது.

திரும்பும்போது அக்கா என் கையில் ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். பாலிஷ் போட்ட அந்த ஷூ. வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்த்தேன். குதிகால் உள்ளே போகவில்லை.