ஒரே துண்டால் துடைத்த கால்கள்

ஃபாதர் இருதயநாதன் இறந்துவிட்டார் என்று எங்கள் கோயிலின் பங்குப் பேரவைச் செயலாளர் போனில் சொன்னபோது, வகுப்பில் கரும்பலகை முன் நின்றிருந்தேன். நான் நம்பவில்லை. உடனே ஃபாதரின் எண்ணுக்கே போட்டேன். சாயங்காலம் பாடகர் குழுவுக்குப் பயிற்சி உண்டா என்று அன்று காலையில்தான் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார். எடுத்தது அவருடைய ஜீப் ஓட்டுநர்.

"சாமி போனுதாங்க. மலையில பூசை முடிச்சிட்டு எறங்கிக்கினு இருந்தோம். நெஞ்சப் புடிச்சிக்கினு சாஞ்சிட்டாருங்க. கள்ளக்குறிச்சி வரதுக்குள்ள..."

ஐம்பது வயதுகூட ஆகாத மனிதர். எந்த நோயும் இருந்ததாக யாருக்கும் தெரியாது. பாடத்தை எங்கே நிறுத்தினேன் என்று இப்போதும் நினைவில்லை.

அவரை அறிந்த உங்களில் பலர் அந்தப் பெரிய வியாழனன்று கோயிலில் இருந்தீர்கள். சீடர்களின் பாதங்களை இயேசு கழுவியதை நினைத்து, பங்கு மக்களில் பன்னிரண்டு பேரின் கால்களைக் குரு கழுவும் நாள். லாரிப் பட்டறையில் வேலை செய்யும் சின்னப்பனைக் காலனியிலிருந்து அழைத்து, கரும்பு விவசாயி மரியசூசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார் ஃபாதர். சின்னப்பனின் காலைக் கழுவித் துடைத்துவிட்டு நகர்ந்தபோது, மரியசூசை தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வேற துண்டு எடுங்க சாமி" என்றார்.

பாடிக்கொண்டிருந்த எங்களுக்குக் குரல் நின்றுவிட்டது. ஃபாதர் அந்த ஈரத் துண்டை எடுத்துத் தன் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு அதையே கையில் வைத்தபடி மரியசூசையின் காலருகில் காத்திருந்தார். மரியசூசை எழுந்து வெளியே போய்விட்டார். அவர் பின்னால் ஊர்த்தெருக் குடும்பங்கள் பலவும் போயின.

ஈஸ்டர் பூசைக்குக் கோயிலில் பாதி காலி. ஃபாதரை மாற்றச் சொல்லி ஆயருக்கு மனு போனது. அடுத்த வருடம் ஆளுக்கொரு துண்டு வைத்துவிடலாமே என்று சமாதானம் பேச வந்தவர்களிடம் அவர் கோபப்படவில்லை. "துண்டு நெறைய இருக்குதுங்க. அழுக்குப் போவணும்னா அவங்கவங்க வூட்லயே தண்ணி இருக்குது. இது அதுக்கு இல்ல" என்றார். அந்த வாரமே மரியசூசையின் வீட்டுக்குப் போனார். ஈஸ்டர் இரவில் மந்திரித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போயிருந்தார். மரியசூசை அவரை உள்ளே கூப்பிடவில்லை. மரியசூசையின் மனைவியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன், குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்களில் கடைசி ஆளாக மரியசூசை நிற்பதைப் பார்த்துத் திகைத்தேன். வெகுநேரம் கழித்து முகமெல்லாம் நனைந்து வெளியே வந்தார். நேராகப் போய்ச் சின்னப்பன் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னப்பன் நகர்ந்து இடம் விட்டார்.

பிறகு ஃபாதரிடம், மரியசூசை மனம் மாறிவிட்டாரா என்று கேட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியில் சொல்லக் கூடாதென்று எனக்குத் தெரியும், ஆவல் விடவில்லை. அவர் சிரித்தார். "கழுவுனதுக்கு அப்புறம் அழுக்கப் பத்தி இன்னா பேச்சு டீச்சர்?" என்றார்.

அடக்கத்தன்று ஆயர் சவப்பெட்டியின்மேல் தீர்த்தம் தெளித்தார். திருமுழுக்கில் கழுவப்பட்டவர் கடவுளிடம் போகிறார் என்பது அதன் பொருள். எத்தனையோ அடக்கங்களில் அதற்குப் பாடியிருக்கிறேன். அன்று பாட்டு வரவில்லை. பெட்டிக்குள் இருப்பது அவர்தானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதை எழுதும்போதும் அந்தத் திகைப்பு போகவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். மரியசூசை எழுந்து போன பிறகு, காலி நாற்காலியின் முன் அவர் மண்டியிட்டே இருந்தார். அவமானத்தில் எழுந்துவிடவில்லை. கோபத்தில் திரும்பிப் பார்க்கவுமில்லை. சற்று நேரம் கழித்து, முழங்காலிலேயே அடுத்தவரிடம் நகர்ந்து, அவர் காலைப் பிடித்தார்.