நான் இல்லாதபோது என் அறை

ஏற்காட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகை வீடு கிடைப்பது சிரமம். அதை யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "வாங்க, உக்காருங்க, காப்பி சாப்புடுங்க" என்பார்கள். ஜன்னலைத் திறந்து பள்ளத்தாக்கைக் காட்டுவார்கள். அதன் பிறகுதான், "ஊட்டுக்காரரு எப்பங்க வருவாரு?" என்று கேள்வி வரும். வரமாட்டார், விவாகரத்து ஆகிவிட்டது என்று சொன்னால் மறுநாள் காலையில் போன். "தப்பா நெனச்சுக்காதீங்க, எங்க சொந்தக்காரங்களே குடி வராங்களாம்." நான் வீடு தேடிய அந்தக் கோடையில், ஊர் நடுவில் ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றியிருந்த அத்தனை வீட்டுக்காரர்களின் சொந்தக்காரர்களும் ஒரே நேரத்தில் மலையேறி வந்து குடிபுகுந்தார்கள்.

எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை. கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். சேலத்தில் அண்ணன் வீட்டு மாடி அறையில் சில வருடங்கள் இருந்தேன். அண்ணியின் உபசரிப்பில் குறையே இல்லை. அந்த உபசரிப்புதான் தாங்கவில்லை. என்னைச் சொந்தக்காரியாக நினைத்திருந்தால் இரண்டு நாளில் திட்டத் தொடங்கியிருப்பாள்.

அப்படித்தான் அந்த 'கோ-லிவிங்' பங்களாவுக்குப் போனேன். ஏரியைத் தாண்டி மேட்டில் ஏறினால் வரும் பழைய எஸ்டேட் பங்களா. ஒரு கம்பெனி அதைக் குத்தகைக்கு எடுத்து அறை அறையாகப் பிரித்திருந்தது. ஆளுக்கொரு அறை. சமையலறை, ஹால், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் பொது. வாடகை கட்டுவதிலிருந்து பல்பு மாற்றச் சொல்வதுவரை எல்லாமே போனில் ஒரு ஆப் வழியாக. என் கணவர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு மரியாதைக்காகவே அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனது.

மேனேஜர் சமவெளியிலிருந்து வந்த இளைஞன். சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டிருப்பான். முதல் நாளே சொன்னான்: "உங்களை டெனன்ட்னு நாங்க சொல்றதே இல்ல மேடம். நீங்க எங்க ஃபேமிலி மெம்பர்." வாட்ஸ்அப் குழுவுக்கும் 'நம்ம குடும்பம்' என்றுதான் பெயர். வாடகைக்குக் குடியிருப்பவரை 'குடும்பம்' என்று அழைத்தபோதே நான் ஒரு பேனாவை எடுத்து அடியில் கோடு போட்டிருக்க வேண்டும். என் தொழிலே அதுதான்.

என் அறை சின்னதுதான். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி. ஈரோட்டுச் சந்தையில் வாங்கிய நீலக்கட்டத் திரைச்சீலையை மாட்டினேன். அகராதிகளை அடுக்கினேன். மேசை ஓரத்தில் அம்மாவின் படத்தை வைத்தேன். அம்மா போய் வெகுகாலம் ஆகவில்லை. காலையில் முதல் காப்பியை அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்துவிட்டுத்தான் குடிப்பேன்.

அங்கே ஒரு விதி இருந்தது. இரவு வெளியே தங்குவதாக இருந்தால் ஆப்பில் 'வெளியூர்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போக வேண்டும். "உங்க சேஃப்டிக்குத்தான் மேடம். ஹீட்டர், லைட் எல்லாம் அணைஞ்சிருக்கான்னு நாங்க பாத்துக்குவோம்" என்றான் மேனேஜர். நல்ல யோசனை என்று நினைத்தேன். பெரும்பாலும் சனிக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குப் போவேன். மறக்காமல் பொத்தானை அழுத்துவேன்.

திரும்பி வரும்போது ஏதோ ஒன்று இடறும். சோப்பு கரைந்திருக்கும். போர்வை நான் மடிக்காத விதத்தில் மடிந்திருக்கும். ஒருமுறை தலையணையில் மல்லிகைப்பூ வாசம். நான் பூ வைப்பதில்லை.

பக்கத்து அறையில் ஒரு நர்ஸ் இருந்தாள். என்னைவிடச் சின்னவள், வாரத்தில் சில இரவுகள் ஆஸ்பத்திரியில் டூட்டி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்வந்து எனக்கும் சேர்த்து மீன் குழம்பு வைப்பாள். ஒருநாள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒட்டிய, குழந்தைகள் தலையில் மாட்டும் கிளிப்.

"அக்கா, எனக்குப் புள்ளையே இல்ல. இது எப்படிக்கா என் கட்டிலுக்கு அடியில வந்துச்சு?"

இரண்டு பேரும் மேனேஜரிடம் போனோம். அவன் கிளிப்பைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். "டீப் க்ளீனிங் பண்றாங்க மேடம். அவங்க புள்ளைங்களக் கூட்டிட்டு வந்திருப்பாங்க" என்றான். வீடு கூட்டித் துடைக்கக் கரடியூரிலிருந்து வரும் அம்மா அங்கேதான் நின்றிருந்தார். அவருடைய பிள்ளைகளுக்கே கல்யாணமாகிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை. மறுநாள் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டுப்புடவையைப் பையில் வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்திவிட்டு, மத்தியான பஸ்ஸில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட இறங்கியிருக்க மாட்டோம், பஸ் நின்றது. முன்னால் மண் சரிந்து மரத்தோடு பாதையில் கிடந்தது. மலையிறங்கும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியும் அடைபட்டிருக்கிறது என்றார்கள். டிரைவர் வெகுநேரம் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். அண்ணனுக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். சாயங்காலம் பங்களாவுக்கு வந்து சேரும்போது முழங்கால் வரை நனைந்திருந்தேன்.

வாசலில் ஒரு புதிய கார். என் அறைக்கு வெளியே செருப்புகள், அவற்றில் ஒரு ஜோடி உள்ளங்கை அளவு. கதவு ஒருக்களித்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது.

என் கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று வயதிருக்கும் ஒரு குழந்தை. குழந்தை என் ரோஸ் நிற ஸ்வெட்டரைப் போட்டிருந்தது. அது அதன் பாதம்வரை தொங்கியது. அவள் கணவர் என் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். "ஏனுங்க, ரூம் மாறி வந்துட்டீங்களா?"

"இது என் ரூமுங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு என் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கணவர் எழுந்து போனை என்னிடம் நீட்டினார். கம்பெனியின் சொந்தப் பக்கம்தான். வார இறுதித் தங்கல் என்று போட்டிருந்தது. அதன் கீழே என் ஜன்னல், என் நீலக்கட்டத் திரைச்சீலை, என் அகராதிகள். 'புத்தகப் பிரியர்களுக்கான அமைதியான அறை' என்று தலைப்பு. நான் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்த அகராதிகள் யாரோ ஒருவருடைய வியாபாரத்துக்கு அலங்காரமாகியிருந்தன. மேசை ஓரம் மட்டும் படத்தில் வெறுமையாக இருந்தது.

"இங்க ஒரு போட்டோ இருந்துச்சே?" என்று கேட்டேன்.

"நாங்க வரும்போது எந்த போட்டோவும் இல்லீங்க" என்றாள் அவள்.

தேடினேன். குளியலறையில், வாஷ்பேசினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். அதில் என் துண்டு, பல் துலக்கும் பிரஷ், சீப்பு. அவற்றுக்கு அடியில், கவிழ்ந்து, அம்மா.

அதுவரை எனக்கு வந்தது திகைப்பு. அதற்குப் பிறகு வந்ததை என்ன பெயர் சொல்லி எழுதுவது என்று எந்த அகராதியிலும் தேட வேண்டியதில்லை. படத்தைத் துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பெண் குழந்தையின் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"சத்தியமா எங்களுக்குத் தெரியாதுங்க அக்கா. புள்ளைக்கு நொம்பக் குளுருதுன்னு சொன்னேன். ரூம்ல ஸ்வெட்டர் இருக்கும், போட்டுக்குங்கன்னு அந்த மேனேஜர் தம்பிதான் சொன்னாருங்க."

"கழட்டாதீங்க. அது போட்டுக்கட்டும்" என்றேன்.

மேனேஜர் ஹாலுக்கு வந்தான். பதறுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னைக் கேட்டது இதுதான்: "மேடம், நீங்க வெளியூர்னு போட்டிருந்தீங்களே?"

"பஸ் திரும்பிடுச்சு."

"அதத்தான் சொல்றேன். ஆப்ல கேன்சல் பண்ணியிருந்தா நாங்க ப்ளான் பண்ணியிருப்போமே."

குற்றவாளி நான்தான் என்பதுபோல இருந்தது அவன் பேச்சு. "என் அறைய யாரக் கேட்டு அடுத்தவங்களுக்குக் குடுத்தீங்க?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ரூம் கம்பெனியோடது மேடம். உங்களுக்குக் குடுத்திருக்கறது ஆக்சஸ், யூஸ் பண்ணிக்கற பர்மிஷன் மட்டும்தான். இன்னிக்கு ஒருநாள் ஹால்ல சோபாவுல அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

அந்தக் கணவர், "நாங்க கெளம்பிடறோமுங்க" என்று பெட்டியை எடுத்தார். மலைப்பாதை அடைபட்டுக் கிடக்கிறது. ஊரிலோ வார இறுதிக் கூட்டம். அந்தக் குழந்தையை எங்கே அழைத்துப் போவார்கள்? "நீங்க இருங்க, உங்க மேல தப்பில்ல" என்றேன். சத்தம் கேட்டு வந்த நர்ஸ் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்ப நான் நைட் டூட்டிக்குப் போறப்பல்லாம்..." என்றாள். எழுந்து மெத்தை விரிப்பை உருவித் தரையில் எறிந்தாள். இரண்டு பேரும் அவளுடைய ஜமக்காளத்தை விரித்துக் கீழேயே படுத்தோம்.

நிச்சயதார்த்த நேரமெல்லாம் தாண்டி, மறுநாள் மத்தியானம்தான் பாதை திறந்தது. அந்தக் குடும்பம் கிளம்பிய பிறகு, கரடியூர் அம்மா எங்களைத் தேடி வந்தார். "சனிக்கெழமையானா உங்க சாமானையெல்லாம் பக்கெட்டுல எடுத்து வெக்கச் சொல்லுவாங்க கண்ணு. ஆளு போனதும் பழையபடி அடுக்கிருவேன். உங்கம்மா போட்டோவ நான் எப்பவும் துணியில சுத்தித்தான் வெப்பேன். நேத்து நான் லீவு. வேற ஆரோ எடுத்து வெச்சிருக்காங்க" என்றார். வேலை போய்விடும் என்று பயந்ததாகச் சொன்னார். அவரிடம் கோபப்பட வேண்டும் என்றும் இருந்தது, கோபப்பட முடியவும் இல்லை.

அன்றே நானும் நர்ஸும் ஒண்டிக்கடைக்குப் போய் ஆளுக்கொரு பூட்டும் கொண்டியும் வாங்கி, ஒரு தச்சரைக் கூட்டிவந்து கதவுகளில் மாட்டினோம். மற்ற அறைக்காரர்களும் விஷயம் கேட்டு அதையே செய்தார்கள். அடுத்த நாளிலிருந்து எங்கள் பக்கத்துக்கு வெந்நீர் வரவில்லை. குழுவில் ஒரு செய்தி வந்தது: 'சில குடும்ப உறுப்பினர்கள் பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியுள்ளனர் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' அதில் ஒற்றுப்பிழைகூட இல்லை. அதுவே எனக்குக் கூடுதல் எரிச்சல்.

கம்பெனிக்கு நாங்கள் அனுப்பிய புகார்களுக்கு 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று மட்டும் பதில் வந்துகொண்டிருந்தது. அதை மாற்றியது அந்த விருந்தாளிப் பெண். ஊருக்குப் போனதும் அவள் நடந்ததை அப்படியே எழுதி, வேறொரு பெண் குடியிருக்கும் அறையைத் தங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று எல்லோரும் பார்க்கும்படி கம்பெனிப் பக்கத்திலேயே போட்டுவிட்டாள். அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஸ்வீட் பாக்ஸோடு மலையேறி வந்தார்கள்.

மிக இனிமையாகப் பேசினார்கள். கம்பெனிக்கு எதுவுமே தெரியாது, எல்லாம் மேனேஜர் தன்னிச்சையாகச் செய்தது என்றார்கள். அதை நான் என் வாயால் சொன்னால் வீடியோ எடுத்துக்கொள்வார்களாம். ஒரு மாத வாடகை இலவசமாம். மேனேஜர் வராந்தாவில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கு வேலை போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் ஜன்னலைப் படமெடுத்து, தலைப்பு வைத்து, கம்பெனிப் பக்கத்தில் விற்றவன் அவன் ஒருவனா?

"சரி, எடுங்க" என்றேன். போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "இந்தப் பையன் என் அறைய வேற ஆளுங்களுக்குக் குடுத்தான். குடுக்கச் சொன்னது நீங்க" என்றேன். போன் இறங்கியது. ஸ்வீட் பாக்ஸைத் திறக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவனை எப்படியும் நீக்கிவிட்டார்கள். பெட்டியோடு கிளம்பும்போது என் கதவைத் தட்டினான்.

"எனக்காகப் பேசினதுக்கு நன்றி மேடம்."

"உங்களுக்காகப் பேசல. பொய் சொல்ல முடியல, அவ்வளவுதான்."

பெட்டியைக் கீழே வைத்தான். "கூட்டம் அதிகமானா என் ரூமையும்தான் குடுக்கச் சொல்லுவாங்க. நானும் ஹால்லதான் படுப்பேன்" என்றான். அதைச் சொன்னால் நான் இளகுவேன் என்று நினைத்தானோ என்னவோ. எனக்குக் கோபம் இரட்டிப்பாயிற்று.

"அப்ப அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எங்க ரூமையும் குடுத்தீங்க?"

அவன் பெட்டியைத் தூக்கினான். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

எங்கள் 'உறுப்பினர் காலம்' முடிந்ததும் புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. நர்ஸ் போகும் மாதா கோயிலுக்கு வரும் ஒரு குடும்பம் மாரமங்கலம் போகும் வழியில் தங்கள் வீட்டின் பின்பகுதியை எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தது. பஸ் குறைவு, நிறைய நடக்க வேண்டும். தண்ணீரை விறகடுப்பில் காய்ச்சிக் குளிக்கிறோம். வீட்டுக்கார அம்மா ஏதாவது தேவையென்றால்கூட வெளியே நின்று கூப்பிட்டு, நாங்கள் பதில் சொன்ன பிறகுதான் உள்ளே வருகிறார்.

அந்தப் பங்களா இப்போது முழுக்கச் சுற்றுலாப் பயணிகளுக்குத்தான் என்று கேள்விப்பட்டேன். நல்லது. கடைசியாக நான் கம்பெனியிடம் இலவச வாடகை கேட்கவில்லை, மன்னிப்புகூடக் கேட்கவில்லை. நான் இல்லாதபோது என் கட்டிலில் யார் யார் படுத்தார்கள், எத்தனை முறை அம்மா பக்கெட்டுக்குள் போனாள், அதை மட்டும் சொல்லுங்கள் என்று எழுதினேன். மறுபடியும் எழுதினேன். 'அது எங்கள் விருந்தினர்களின் தனிப்பட்ட தகவல்' என்று பதில் வந்தது.