திங்கள்சந்தைச் சுமைதாங்கிக் கல்

மூணாம் கிளாஸைத் தாண்டாதவன் நான். இன்றைக்குத் திங்கள்சந்தையில் எனக்கு மூன்று கடை. அதனால்தான் சந்தையின் பழைய இடங்களை நடந்து பார்க்க வந்த கல்லூரிக் கூட்டம் என்னைத் துணைக்குக் கூப்பிட்டது.

பழைய சுமைதாங்கிக் கல் பக்கம் வந்ததும் நெஞ்சை நிமிர்த்தினேன். “மரச்சீனிக் கிழங்குச் சாக்கைத் தலையில சுமந்து, இதுமேல இறக்கி வச்சு வளர்ந்தவனாக்கும் நான்!”

கூட வந்த டீச்சர் சிரித்தாள். “இதை எதுக்கு நட்டாங்கன்னு தெரியுமா அண்ணாச்சி?”

“சுமையை இறக்கத்தான். வேற என்னத்துக்கு?”

“வயித்துப் பிள்ளையோட செத்துப்போன பொண்ணுக்காக வீட்டுக்காரங்க நடுறது. வழிப்போக்கர் இதுல சுமையை இறக்கினா, அவ சுமையும் இறங்கும்னு நம்பிக்கை.”

என் மூத்த மகள் எட்டாம் மாசத்தில் அப்படித்தான் போனாள். பெரிய ஆஸ்பத்திரியும் கை நிறையப் பணமும் அன்று எதற்கும் உதவவில்லை.

“என்ன அண்ணாச்சி, முகம் வாடிப்போச்சு?”

“வெயிலு மக்கா” என்றேன்.

நாளைக்கே அவளுக்குப் பத்துக் கல் நட என்னால் முடியும். ஆனால் இப்போது சரக்கெல்லாம் டெம்போவில் போகிறது. என் மகளுக்காக இறக்கி வைக்க, தலைச்சுமையோடு இந்த வழியே யார் வரப்போகிறார்கள்?